துடைத்த ஊசி சுத்தமான ஊசி ஆகாது

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் கால்நடைக்கு ஊசி போடும் இடத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும்: “மாடுதானே, இதுக்கு இது போதும்.” ஊசி போடுபவர் சொல்வார். கயிற்றைப் பிடித்து நிற்கும் வீட்டுக்காரரும் சொல்வார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஊசியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போவது, கத்தரியையும் இடுக்கியையும் டெட்டால் கலந்து பால்போல் வெளுத்த தண்ணீரில் முக்கி எடுப்பது, அதே தண்ணீரைக் காலையிலிருந்து மதியம்வரை வைத்துக்கொள்வது என எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாக்கியமே சமாதானம். படித்தவர்களிடம் இதற்குக் கொஞ்சம் நாகரிகமான வடிவம் உண்டு. கருவிச் சுத்தம் பெரிய ஆஸ்பத்திரிகளின் விஷயம். மண்தரையில் நடக்கும் வைத்தியத்தில் மருந்து சரியாக இருந்தால் போதும். மிச்சத்தை மாட்டின் உடம்பு பார்த்துக்கொள்ளும் என்பார்கள்.

இந்தக் கருத்து அடியோடு தவறு. எங்கோ ஒரு மூலையில் திருத்திச் சரிசெய்துகொள்ளக்கூடிய தவறும் அல்ல. கருவியைச் சுத்தம் செய்வது சிகிச்சைக்கு முந்தைய சடங்கு என்று நினைப்பதால் வரும் தவறு இது. அது சிகிச்சையின் பாதி. அந்தப் பாதியைச் செய்யாமல் விட்டால் மீதிப் பாதி சில நேரம் நோயையே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உப்புக் காற்றும் உவர்நீரும் உள்ள ஏரிக்கரையில் இந்தக் கவனம் நகரத்து மருத்துவமனையைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. செய்ய முடியாத காரியமும் இல்லை.

யாருடைய ஆடு, யாருடைய மாடு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கோட்டைக்குப்பத்திலோ, லைட்ஹவுஸ் குப்பத்திலோ, ஏரியின் மறுகரையிலுள்ள ஊர்களிலோ ஆடு வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மீன் தரம்பிரித்து, கருவாடு காயவைத்து, கூடை சுமந்து விற்பவர்கள். ஆடு அவர்களுக்கு வங்கிக் கணக்கு மாதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம். முகத்துவாரம் மணல் தூர்ந்துபோனால் ஏரிக்குள் இறால் வரத்து குறைந்துவிடும். இந்த மாதங்களில் பள்ளிக்கூடக் கட்டணமும் மருந்துச் செலவும் ஒரு கிடாவை விற்றுத்தான் நடக்கும். அப்படிப்பட்ட கிடாவுக்குக் கழுத்தில் ஊசி போட்ட இடத்தில் எலுமிச்சங்காய் அளவுக்குச் சீழ்க்கட்டி வந்தால் வியாபாரி அதைத் தடவிப் பார்த்துவிட்டு விலையைக் குறைக்கிறார். “மாடுதானே” என்று சொன்னவருக்கு அந்த நஷ்டத்தில் பங்கு கிடையாது.

மருத்துவக் கருவிகளை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்க இன்றும் கையாளும் வகைப்பாட்டைத் தந்தவர் எர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர். அவர் 1968இல் விரித்து எழுதிய வகைப்பாட்டின் அடிப்படை மிக எளிது. நோயாளி யார் என்று அவர் கேட்கவில்லை. கருவி எங்கே நுழைகிறது என்று கேட்டார். காயமில்லாத தோலை மட்டும் தொடும் கருவியைக் கழுவிக் கிருமிநாசினியால் துடைத்தால் போதும். வாய், மூக்கு, பிறப்புறுப்பு போன்ற ஈரச் சவ்வைத் தொடுவதற்கு அதைவிடக் கடுமையான கிருமிநீக்கம் வேண்டும். தோலைத் துளைத்து இரத்தத்துக்கோ தசைக்கோ போவதில் ஒரு கிருமிகூட உயிரோடு இருக்கக் கூடாது. ஊசி முனை மூன்றாவது வகை. அறுவைக் கத்தி, தையல் ஊசி, வயிறு உப்பிய மாட்டுக்குக் குத்தும் டிராகார் எல்லாம் மூன்றாவது வகை. ஸ்டெதஸ்கோப் முதல் வகை. பசுவின் தோலுக்கு அடியில் இருப்பதும் இரத்தம்தான், மனிதர் தோலுக்கு அடியில் இருப்பதும் இரத்தம்தான். இந்த இடத்தில் “மாடுதானே” என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம், சகதியில் படுத்து எழுகிற பிராணிக்கு ஒரு ஊசி முனையால் என்ன ஆகும் என்பார்கள். சகதி தோலுக்கு வெளியே இருக்கிறது. ஊசி தோலைத் தாண்டி உள்ளே கொண்டுபோய் விடுகிறது. தோல் என்ற கோட்டைச் சுவரைத் தாண்ட முடியாத கிருமிக்கு நாமே வாசல் திறந்துவிடுகிறோம். அதுவும் முந்தைய மாட்டின் இரத்தத்தோடு. உண்ணி கடித்துப் பரப்பும் அனாபிளாஸ்மா நோய் உண்ணியே இல்லாமல், இரத்தம் ஒட்டிய ஊசியாலும் கொம்பு நீக்கும் கருவியாலும் பரவும் என்பது கால்நடை மருத்துவப் பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. மாட்டு ஈ கடித்துப் பரப்பும் சர்ரா நோயின் டிரிபனோசோமாவும் அப்படியே. ஈயின் வாய் செய்யும் வேலையை ஊசி முனை இன்னும் திறமையாகச் செய்யும். ஈயை மாடு வாலால் விரட்ட முடியும்.

தோல் கழலை நோயை நினைத்துப் பாருங்கள். 2019இல் ஒடிசாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அந்த நோய் 2022இல் நாடு முழுக்கப் பரவி லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாட்டுப் பிணங்கள் குவிந்த படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். கடிக்கும் பூச்சிகள்தான் அதற்கு முக்கியக் காரணம். ஆனால் நோயுற்ற மாட்டுக்குப் போட்ட ஊசியை மாற்றாமல் அடுத்ததற்குப் போட்டாலும் பரவும். அம்மை வகையைச் சேர்ந்த அந்த வைரஸ் காய்ந்த பொருக்கில் 35 நாள்வரை உயிரோடு இருக்கக்கூடியது. நோய் வந்த கொட்டகையில் சிகிச்சை செய்துவிட்டு, நோய் வராத கொட்டகைக்கு அதே பையுடன் போகிறவர் எதைச் சுமந்து போகிறார் என்பதை யோசிக்க வேண்டாமா?

காதுவில்லை விஷயம் இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. பன்னிரண்டு இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லை இன்று தடுப்பூசிக்கும் கணக்குக்கும் அவசியமாகிவிட்டது. அதைப் பொருத்தும் இடுக்கியின் முள் காதைத் துளைத்து வெளியே வரும்போது இரத்தம் ஒட்டியிருக்கும். அதே முள் அடுத்த காதுக்குள் போகிறது. ஊசியை மாற்ற வேண்டும் என்று ஒப்புக்கொள்பவர்கள்கூட இந்த முள்ளை ஒரு கருவியாகவே எண்ணுவதில்லை.

அடுத்த வாதம்: “இத்தனை வருஷமா இப்படித்தான் போடுறோம், யாரும் செத்ததில்லை.” இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான வாதம். பேசுபவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஊசியால் வந்த அனாபிளாஸ்மா காய்ச்சல் சில வாரங்கள் கழித்துத்தான் தெரியும். காயடித்த ஆட்டுக்குட்டிக்கு ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ், வருவதற்கு ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அதற்குள் கால்நடை முகாம் முடிந்திருக்கும், மருத்துவர் வேறு ஊரில் இருப்பார், குட்டி விறைத்துக் காலை நீட்டிக் கிடக்கும்போது வீட்டுக்காரி காற்று கருப்பு என்று நினைப்பாள் அல்லது ஏதோ மேய்ந்துவிட்டது என்று நினைப்பாள். நோயையும் ஊசியையும் இணைத்துப் பார்க்க அங்கே எந்தப் பதிவேடும் இல்லை. எண்ணப்படாத சாவை இல்லாத சாவு என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

மனிதர்களிடமே இந்தக் குருட்டுத்தனம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு எகிப்து சாட்சி. நைல் நதிக்கரை விவசாயிகளை வாட்டிய நத்தைப்புழுக் காய்ச்சலை ஒழிக்க 1950களிலிருந்து 1980கள்வரை அந்த அரசு பெருந்திரளாக ஊசிமருந்து கொடுத்தது. கண்ணாடிச் சிரிஞ்சுகளை அரைகுறையாகக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். நோக்கம் நல்லது, மருந்து சரியானது, ஊழியர்கள் உழைத்தார்கள். அந்தச் சிரிஞ்சுகளின் வழியாக ஹெபடைடிஸ் சி வைரஸ் ஊர் ஊராகப் பரவியது. 2008இல் எடுத்த கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயதுவரை உள்ள எகிப்தியரில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு அந்தத் தொற்றின் அடையாளம் இருந்தது. பிரசாரம் நடந்த காலத்தில் அங்கேயும் யாரும் செத்து விழவில்லை. மனிதரை இப்படிக் கவனிக்காமல் விட முடிந்தது என்றால், மாட்டையும் ஆட்டையும் பற்றி யார் என்ன உறுதி தர முடியும்?

இனி ஸ்பிரிட்டுக்கும் டெட்டாலுக்கும் வருவோம். இவற்றின்மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கை வாசனையால் வந்த நம்பிக்கை. ஆஸ்பத்திரி வாசனை வந்துவிட்டால் கிருமி போய்விட்டது என்று மூக்கு முடிவு செய்துவிடுகிறது. ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும்தான். ஆனால் அதற்கு நேரம் வேண்டும், நீர் கலந்த சரியான அடர்த்தி வேண்டும், இடையே இரத்தமோ சீழோ சாணமோ இருக்கக் கூடாது. எழுபது சதவீத ஆல்கஹால் தூய ஆல்கஹாலைவிட நன்றாக வேலை செய்யும். புரதத்தைக் கெடுப்பதற்குத் தண்ணீரும் தேவை என்பதே காரணம். அதே குணத்தால், காயாத இரத்தத்தின்மேல் ஸ்பிரிட் பட்டால் அதை உறையவைத்து உலோகத்தோடு ஒட்டிவிடும். உறைந்த அந்தப் படலத்துக்கு அடியில் கிருமி பத்திரமாக இருக்கும். ஊசியின் வெளிப்புறத்தைப் பஞ்சு துடைக்கிறது, உள்துளையைத் துடைப்பது யார்? டெட்டனஸ், சப்பை நோய், அடைப்பான் இவற்றின் கிருமிகள் விதைபோல ஓடு கட்டி உறங்கும் வகையைச் சேர்ந்தவை. அந்த ஓட்டை ஸ்பிரிட்டும் துளைக்காது, டெட்டாலும் துளைக்காது. ஆட்டுப்பட்டியின் மண்ணில் கிடப்பதோ அந்த வகைதான்.

கிருமிநாசினி என்பது கழுவிய பிறகு செய்ய வேண்டியது. கழுவாத கருவிமேல் எதை ஊற்றினாலும் அந்த மருந்து அழுக்கோடு சண்டையிட்டே தீர்ந்துபோகும். பிளீச்சிங் தண்ணீரில் உள்ள குளோரின் இரத்தத்தையும் சீழையும் கண்டவுடன் அதிலேயே செலவாகிவிடும். காலையில் கலந்த தண்ணீரில் பத்தாவது முறை கத்தரியை முக்கும்போது அது கிருமிநாசினி இல்லை, வெறும் கலங்கல் நீர். குட்டி ஈன முடியாமல் தவிக்கும் ஆட்டுக்குக் கைகொடுத்துவிட்டு, நஞ்சுக்கொடி ஒட்டிய கயிற்றையும் கொக்கியையும் அப்படியே சாவ்லானில் ஊறப்போடுபவர், பாத்திரத்தில் நோயை ஊறவைத்திருக்கிறார். சாவ்லானில் உள்ள செட்ரிமைடு இன்னொரு வகையிலும் ஏமாற்றும். சோப்பு பட்டால் அதன் வலிமை போய்விடும். எனவே சோப்புப்போட்டுக் கழுவியவரும் நல்ல தண்ணீரில் அலசாமல் சாவ்லானில் போட்டால் வீண்வேலைதான்.

இதில் பலர் அறியாத கொடுமை ஒன்று உண்டு. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். அந்த நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் விழுப்புரம் மாவட்டத்து அரசூரில், 1987இல். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய வைரஸிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. ஐஸ் பெட்டியில் வைத்து, வெயில் படாமல் காத்து, அந்தத் தடுப்பூசியைப் படகேற்றி ஏரிக்கு அப்பால் கொண்டுபோகிறார்கள். பிறகு டெட்டாலிலோ ஸ்பிரிட்டிலோ கழுவிய சிரிஞ்சில் உறிஞ்சுகிறார்கள். சிரிஞ்சுக்குள் ஒட்டியிருக்கும் ரசாயனம் தடுப்பூசி வைரஸையே கொன்றுவிடும். ஆட்டுக்குப் போனது உப்பு நீர். பதிவேட்டில் தடுப்பூசி போட்டாயிற்று என்று எழுதப்படும். ஆடு சாகும்போது தடுப்பூசியே பிரயோஜனமில்லை என்று ஊர் பேசும். சுத்தம் செய்தேன் என்று நம்பியவரே அறியாமல் செய்யும் நாசம் இது. உயிருள்ள தடுப்பூசிக்கு வெப்பத்தால் கிருமி நீக்கிய சிரிஞ்சு அல்லது உறை பிரித்த புதுச் சிரிஞ்சு தவிர வேறு வழியே இல்லை.

தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். வேறு ஊருக்கு எழுதிய விதிமுறை பழவேற்காட்டில் தடுமாறும் இடம் இதுதான். உப்பே கிருமிநாசினி, கடல்தண்ணீரில் அலசினால் புண் ஆறும், கருவியும் சுத்தமாகும் என்ற நம்பிக்கை கரையில் ஆழமாக இருக்கிறது. கருவாட்டை உப்பு காக்கிறதே என்பார்கள். கருவாட்டைக் காப்பது நீரை உறிஞ்சி எடுக்கும் அளவுக்குக் குவிந்த உப்பு. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு 35 கிராம் அளவில்தான் உப்பு இருக்கிறது. ஏரியிலோ மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொண்டுவரும்போது அது நன்னீர் போலாகி, கோடையில் கடலையே மிஞ்சும். இந்த இடைப்பட்ட உவர்நீரை விரும்பி வாழும் கிருமிகளே இருக்கின்றன. விப்ரியோ வல்னிஃபிகஸ் என்பது அதில் ஒன்று. வெதுவெதுப்பான உவர்நீரில் பெருகி, காயத்தின் வழியே புகுந்து, சதையை அழுகச்செய்து மனிதரைக் கொல்லக்கூடியது. சிப்பி ஓடு கிழித்த குளம்பை, தூண்டில் முள் குத்திய நாயின் உதட்டை ஏரித்தண்ணீரால் கழுவி, ஏரித்தண்ணீரில் அலசிய கருவியால் தைப்பது சிகிச்சையே அல்ல.

கிருமியை விடுங்கள், இரும்பைப் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகு என்று நாம் சொல்வது துருப்பிடிக்கவே பிடிக்காத எஃகு அல்ல. அதன்மேல் குரோமியம் ஆக்சைடின் மெல்லிய படலம் இருப்பதால் தாங்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவில் உடைக்கும், உடைந்த இடத்தில் குழி விழும். கத்தரியின் மூட்டிலும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் பற்களுக்கு இடையிலும் விழுந்த குழியில் இரத்தம் தங்கும், எந்தத் தூரிகையும் அங்கே போகாது. பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தால் அந்த நாசம் இன்னும் வேகமாக நடக்கும். கடலிலிருந்து திரும்பியவர் வண்டியை, அதாவது படகின் அவுட்போர்டு எஞ்சினை, நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி அலசாமல் கட்டிவைக்க மாட்டார். அலசாவிட்டால் உள்ளே உப்பு பூத்து எஞ்சின் போய்விடும் என்று குப்பத்துப் பையனுக்கும் தெரியும். அந்த எஞ்சினுக்குக் கிடைக்கிற மரியாதையை ஒரு ஃபோர்செப்ஸுக்குத் தரச் சொல்கிறேன், அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்தில் நிலத்தடிக்குள் கடல்நீர் ஏறியது அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆய்வுகளில் பதிவானது. அளவில்லாமல் தண்ணீரை உறிஞ்சி நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்பியதன் விலை அது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது, ஒரு நாளைக்குப் பத்துக்கோடி லிட்டர் திறன், அந்தத் தண்ணீர் சென்னைக்கு. கரையில் உள்ளவர்கள் லாரியையும் கேனையும் நம்பி இருக்கிறார்கள். ஆனால் கருவிகளை அலசக் கடைசி நீராக ஒரு கேன் போதும், இருபது லிட்டர். முதல் கழுவலுக்குக் கிணற்று நீர் போகட்டும், கடைசி அலசலும் கருவியை வேகவைக்க ஊற்றுவதும் மட்டும் கேன் தண்ணீராக இருக்கட்டும். மருந்தகத்துக்கு மாதம் இவ்வளவு கேன் என்று ஒதுக்குவதற்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.

“கொதிக்கவைக்கிறோமே” என்பவர்களிடம் எனக்குப் பாதிச் சம்மதம். கழுவிய கருவியை மூடிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து இருபது நிமிடம் கொதிக்கவைத்தால் பெரும்பாலான கிருமிகளும் வைரஸ்களும் அழியும். பஞ்சால் துடைப்பதோடு ஒப்பிட்டால் அது மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இடையில் இன்னொரு கத்தரியைப் போட்டால் மறுபடி முதலிலிருந்து கணக்கு. ஆனாலும் நூறு டிகிரியில் ஓடு கட்டிய கிருமிகளில் சில பிழைத்துவிடும். அவற்றை அழிக்க 121 டிகிரி வேண்டும், அதற்கு நீராவியை அழுத்த வேண்டும். பாஸ்தரின் ஆய்வகத்தில் இருந்த சார்ல்ஸ் சேம்பர்லாண்ட் 1879இல் ஆட்டோகிளேவை உருவாக்கியது இதற்காகத்தான்.

உடனே “கரண்ட் ஏது, அவ்வளவு பெரிய மிஷினுக்கு இடம் ஏது” என்கிறார்கள். நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் பிரஷர் குக்கர் வெயிட் போட்டால் ஏறக்குறைய அதே அழுத்தத்தில், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டில், வேலை செய்கிறது. காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு வெயிட் போட்டு, அழுத்தம் வந்தபின் இருபது, முப்பது நிமிடம் வைத்தால் துணியில் சுற்றிய சின்னக் கருவிகளுக்கு அது போதும். இது என் கற்பனை அல்ல. 1980களில் உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தைகள் தடுப்பூசித் திட்டம் கரண்ட் இல்லாத கிராமங்களுக்காகவே குக்கர் வடிவத்தில் நீராவிப் பாத்திரம் செய்து, சிரிஞ்சுகளையும் ஊசிகளையும் அடுக்க உள்ளே தட்டு வைத்து, வெப்பம் சரியாகப் பட்டதா என்று நிறம் மாறிக் காட்டும் அட்டையும் கொடுத்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ்மேல் வைத்து ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அதில் வேலை நடந்தது. பிறகு ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகள் வந்தன, 1999இல் அந்த நிறுவனமும் யூனிசெஃபும் அவற்றுக்கே மாறச் சொல்லிக் கூட்டறிக்கை விட்டன. நாற்பது வருடம் முன்பு அடுப்பில் முடிந்தது இன்று கேஸ் அடுப்பிருக்கும் குப்பத்தில் முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

மூத்த ஊழியர்கள் மனவருத்தத்தோடு சொல்லும் வாதம் ஒன்று உண்டு, அதை மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டும். “ஒரே ஊசியை வைத்துத்தான் ஊர் ஊராகப் போய் வெக்கை நோயை ஒழித்தோம்.” உண்மை. இந்தியா 2006இல் அந்த நோயிலிருந்து விடுபட்ட நாடாக அறிவிக்கப்பட்டது, 2011இல் உலகமே விடுபட்டது. மனித வரலாற்றில் பெரியம்மைக்குப் பிறகு ஒழிந்த இரண்டாவது நோய் அது. அந்தத் தலைமுறையின் உழைப்பை யாராலும் குறைத்துப் பேச முடியாது. நாளைக்கே ஒரு கொள்ளைநோய் ஊருக்குள் வந்து, கையில் ஒரே ஊசிதான் இருந்தால் அதை வைத்தே தடுப்பூசி போடு என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் வெக்கை நோய்க்கு ஒரு ஊசி பல வருடம் தாங்கியது. இன்று கோமாரித் தடுப்பூசி 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதோடு தோல் கழலைக்கு ஒன்று, கன்றுகளுக்குக் கருச்சிதைவு நோய்க்கு ஒன்று, ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி, குடற்புழு ஊசி, வைட்டமின் ஊசி. ஒரு பசு வாழ்நாளில் எத்தனை முறை அடுத்த மாட்டின் இரத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்? அன்று கொள்ளைநோயின் அவசரத்தில் ஏற்றுக்கொண்ட ஆபத்து, இன்று அவசரமே இல்லாமல் பழக்கத்தால் தொடர்கிறது.

“எப்படியும் ஆன்டிபயாடிக் போட்டுவிடுகிறோமே” என்பதும் கேட்கிறது. கழுவாத கருவிக்குப் பரிகாரமாக ஐந்து நாள் மருந்து. அந்த மருந்துக்கு வைரஸ் கட்டுப்படாது. அனாபிளாஸ்மாவுக்கு எல்லா ஆன்டிபயாடிக்கும் வேலைசெய்யாது. செத்த சதைக்குள் உறங்கும் டெட்டனஸ் கிருமியை அது எட்டாது. எட்டுவது பாலை. ஊசி போட்ட பசுவின் பாலைச் சில நாள் விற்கக் கூடாது, ஆனால் வேறு வருமானமில்லாத வீட்டில் அதைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. மருந்துக்கு அசையாத கிருமிகள் பெருகுகின்றன என்ற பயத்தில்தான் 2019இல் மத்திய அரசு உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தருவதையே தடைசெய்தது. ஒரு தூரிகையும் சோப்பும் செய்ய வேண்டிய வேலையை ஆன்டிபயாடிக்கிடம் தள்ளிவிடுவது அந்தப் பயத்தை வளர்ப்பது.

மனிதர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருச்சிதைவு நோய்க்காகக் கன்றுகளுக்குப் போடும் புருசெல்லா தடுப்பூசி உயிருள்ள பாக்டீரியா, போடுபவர் விரலில் குத்திவிட்டால் அவருக்கே மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும். கன்று வீசிய நஞ்சுக்கொடியைத் தொட்ட கையுறையும் கொக்கியும் அதே நோயை வீட்டுக்காரிக்குத் தரும். போட்டு முடித்த ஊசியை மணலில் எறிந்துவிட்டுப் போனால் அந்த மணலில் வெறுங்காலோடு வலை இழுப்பவர்கள் நடக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள் கால்நடை மருத்துவமனைகளையும் பெயர் சொல்லியே கட்டுப்படுத்துகின்றன. கூர்மையானவற்றைத் துளைக்க முடியாத டப்பாவில் போட வேண்டும் என்கின்றன. சட்டம் இருக்கிறது, டப்பா எத்தனை பைகளில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நான் குறை சொல்வது வெயிலில் வியர்க்க விறுவிறுக்க மாட்டைத் துரத்திப் பிடித்து ஊசி போடும் ஊழியரை அல்ல. எத்தனை தலைக்குப் போட்டாய் என்று மட்டும் கேட்டு, எத்தனை ஊசி கொண்டுபோனாய் என்று கேட்காத மனப்பான்மையை. இருபது மாடுள்ள தெருவுக்கு இருபத்தைந்து ஊசி கொண்டுபோனால், போட்டதையெல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்து மாலையில் கொண்டுவந்து, எஃகு ஊசியானால் கழுவிக் குக்கரில் வேகவைத்து, ஒருமுறை மட்டும் போடும் ஊசியானால் வெட்டி அப்புறப்படுத்தலாம். வில்லை இடுக்கியின் முள்ளுக்கு மாற்று முள் இரண்டு மூன்று வைத்துக்கொண்டு, இரத்தம் பட்டதைக் கழுவி, கிருமிநாசினியில் அதற்குரிய நிமிடம்வரை போட்டுவைத்து, சுழற்சியாகப் பயன்படுத்தலாம். மருந்தகத்துக்கு ஒரு குக்கர், இரண்டு தூரிகை, சோப்பு, நிறம் மாறும் அட்டை, மாதத்துக்குச் சில கேன் தண்ணீர். ஏரி நடுவே இருக்கம் தீவு மாதிரி படகேறிப் போக வேண்டிய ஊருக்கென்றால் துணியில் சுற்றி வேகவைத்த கருவிக்கட்டு இரண்டு கூடுதலாக. இதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு கிடாவின் விலையை எட்டுமா என்பது சந்தேகம். அடுத்த சுற்றுக் கோமாரி முகாமுக்கு முன் இவற்றைக் கொடுத்துவிட்டு, கயிற்றைப் பிடித்து நிற்கும் அக்காவுக்கு “ஊசி மாத்தினீங்களா சார்?” என்று கேட்கும் உரிமை உண்டு என்று ஊர்க்கூட்டத்தில் அறிவியுங்கள். அதற்குப் பிறகும் குப்பத்தில் இது நடக்காது என்று சொல்பவர் இருந்தால், ஏன் நடக்காது என்பதை அந்த அக்காவிடமே சொல்லட்டும்.